முதல் கோணலைப் பார்க்க ஒரு மாடி அறை: ரிச்மண்ட் பப் ஒன்றின் திங்கட்கிழமை இரவுகள்

சாப்பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு நான் பேசப்போவது முழுக்க ஃபுட்டிதான், அதாவது ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து. சிக்கன் பார்மா நன்றாக இருக்கிறது. கோழி நெஞ்சுக்கறியைத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, மேலே தக்காளி சாஸும் ஹாமும் சீஸும் போட்டு மறுபடி சூட்டில் வைத்து எடுக்கிற மெல்பர்ன் பப் சாப்பாடு அது. இங்கே ஓரமெல்லாம் மொறுமொறுப்பு குறையாமல் வருகிறது, பல இடங்களில் நடப்பதுபோல சாஸில் ஊறித் தொய்ந்து போவதில்லை. விலை 27 டாலர். ஹாம் வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் எடுத்துவிடுகிறார்கள். சிப்ஸ் சுமார், சூடாக வந்தால் பரவாயில்லை, ஐந்து நிமிடம் பேச்சில் விட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். சாலட் என்று ஓரத்தில் வைப்பதைச் சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வண்டி ஓட்டுகிற நாட்களில் நான் லெமன் லைம் பிட்டர்ஸ் வாங்கிக்கொள்வேன், பெரிய கிளாஸில் தருவார்கள். அவ்வளவுதான் சாப்பாடு.

பப்பின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், ஒரு குடும்பம் கஷ்டப்பட்டு நடத்துகிற சின்ன இடம், அதனால். ரிச்மண்ட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், எம்சிஜி விளக்குக் கம்பங்கள் வாசலிலிருந்தே தெரியும், பாக்ஸிங் டே டெஸ்ட் நடக்கிற அதே எம்சிஜி. எங்கள் அணியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த அணியைப் பற்றியே போய்விடும், நான் சொல்ல வருவது வேறு. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டு, மீதி நேரமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு துரத்துகிற அணி. ஏதாவது ஒரு வருடம் உங்கள் அணியும் இப்படி ஆடியிருக்கும்.

இந்த இடத்தை எனக்குக் காட்டியவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். எண்பதுகளில் மெல்பர்ன் வந்தவர், டான்டினாங் பக்கம் வீடு. நான் வந்த புதிதில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம், ஒரு சனிக்கிழமை என்னை எம்சிஜி நான்காம் அடுக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், கோல் கம்பங்களுக்குப் பின்னால் உச்சியில் உட்கார வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, முப்பத்தாறு பேர் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள், பந்து முட்டை வடிவில் இருக்கிறது, தரையில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. அப்போது அவர் சொன்னார்: "பந்தைப் பாக்காதையும் தம்பி. பந்து இல்லாத இடத்தைப் பாரும்." அந்த ஒரு வரியில்தான் எனக்கு இந்த ஆட்டம் திறந்தது. அவர் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு அந்த உயரத்துக்கு ஏறுவதை விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள், "அங்கை ஏறேலாது, ஆனால் திங்கக்கிழமை ஒரு இடம் இருக்கு, வாரும்" என்று இங்கே கூட்டி வந்தார்.

மாடி அறையில் முப்பது நாற்காலிகள் இருக்கும். ஒரு சுவரில் புரொஜெக்டர். வார இறுதியில் நடந்த எங்கள் ஆட்டத்தின் முதல் குவார்ட்டரை, நாலில் ஒரு பங்கை, மட்டும் திங்கள் இரவு மறுபடி ஓட்டுகிறார்கள், நிறுத்தி நிறுத்தி. முழு ஆட்டம் கிடையாது. 20 நிமிடக் குவார்ட்டர், பந்து நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் அரை மணிக்குப் பக்கமாக வரும். அதைப் பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகிறது. இங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு, அதனால்தான் இந்த அறை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது: "வெறி இல்லை", "மனசு வைத்து ஆடவில்லை", "தூங்கி வழிகிறார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரக் கூடாது. எந்த இடத்தில் என்று படத்தை நிறுத்திக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ரிமோட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வேறு பப்களில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மெதுவாகத் தொடங்குகிற அணியைப் பற்றி ரசிகர்கள் பேசும் பேச்சில் பெரும்பாலும் மனசு, ரோஷம், பயிற்சியாளரின் தலை என்றுதான் போகும். வீரர்களுக்கு ரோஷம் இல்லை என்பதை நான் ஒருபோதும் நம்பியதில்லை. அப்படி ஓடுகிறவர்கள், ஒருவர் மேல் ஒருவர் அப்படி மோதுகிறவர்கள், முதல் பத்து நிமிடம் மட்டும் அக்கறை இல்லாமல் ஆடுவார்களா?

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும், அது இல்லாமல் மற்றது புரியாது. உலகம் முழுக்க ஆடும் கால்பந்தில் கோல் வாங்கிய அணிக்குத்தான் பந்து கிடைக்கும். இங்கே அப்படி இல்லை. கோல் விழுந்ததும் பந்து நடுமைதானத்துக்கு வந்து, நடுவர் இரண்டு அணிக்கும் பொதுவாக அதை மேலே விடுகிறார், இரண்டு உயரமான ரக் ஆட்டக்காரர்கள் குதித்துத் தட்டுகிறார்கள், கீழே நிற்கிறவர்கள் பொறுக்குகிறார்கள். ஒவ்வொரு குவார்ட்டரும் தொடங்குவதும் இப்படித்தான், இதைச் சென்டர் பவுன்ஸ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கோல் போட்டு ஆறு புள்ளி எடுத்த அணி அடுத்த நொடியே மறுபடி பந்தைப் பிடுங்கி இன்னொரு ஆறு எடுக்கலாம். இந்த ஆட்டத்தில் சரிவு ஒரு தடவை தொடங்கினால் மண்சரிவு மாதிரி வருவதற்குக் காரணம் இதுதான். 2021 இறுதி ஆட்டத்தில் மெல்பர்ன் அணி மூன்றாம் குவார்ட்டரில் 19 புள்ளி பின்னால் இருந்து கடைசியில் 74 புள்ளியில் ஜெயித்தபோது நடுமைதானத்திலிருந்து பந்து திரும்பத் திரும்ப ஒரே பக்கம் போனதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் அணிக்கு அதே மண்சரிவு தலைகீழாக, ஆட்டம் தொடங்கியவுடனே நடக்கிறது.

நான் முதலில் போன இரவு நடந்த வாதத்தை அப்படியே சொல்கிறேன்.

முன்வரிசையில் எப்போதும் உட்காருகிற ஒரு பெரியவர் இருக்கிறார், எண்பதைத் தொடுகிற வயது. அவர் கட்சி என்னவென்றால் முதல் குவார்ட்டருக்காக இவ்வளவு அலட்டிக்கொள்ளவே வேண்டாம் என்பது. 1970 இறுதி ஆட்டத்துக்கு எம்சிஜியில் இருந்தவர், 121,696 பேர் வந்த அந்த நாள். பாதி ஆட்டத்தில் காலிங்வுட் 44 புள்ளி முன்னால், கார்ல்டன் கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தபோது பயிற்சியாளர் ரான் பராஸி கையால் பந்தைத் தட்டிக் கொடுத்து வேகமாக நகர்த்தச் சொன்னார், பெஞ்சில் இருந்த டெட் ஹாப்கின்ஸ் உள்ளே வந்து நான்கு கோல் போட்டார், கார்ல்டன் 10 புள்ளியில் ஜெயித்தது. இதைச் சொல்லும்போது பெரியவரின் கை நடுங்கும், குரல் நடுங்காது. முதல் கோணல் முற்றும் கோணல் என்பதெல்லாம் ஃபுட்டியில் கிடையாது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

அவருக்கு ஆதரவாக இன்னும் உதாரணங்கள் வந்தன. 2001-இல் எஸ்ஸண்டன் 69 புள்ளி பின்னால் இருந்து, அப்போது கங்காரூஸ் என்ற பெயரில் ஆடிய நார்த் மெல்பர்னை 12 புள்ளியில் ஜெயித்தது, இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதுதான் பெரிய துரத்தல். 2024 அரையிறுதியில் பிரிஸ்பேன் சிட்னிக்குப் போய் ஜிடபிள்யூஎஸ் அணியிடம் 44 புள்ளி பின்தங்கி, 5 புள்ளியில் ஜெயித்து, இரண்டே வாரத்தில் கோப்பையையும் தூக்கியது. எல்லாம் உண்மை. ஆனால் கணக்கு நோட்டுடன் வருகிற ஒருவர் (அக்கவுண்டன்ட், ஒவ்வொரு சென்டர் பவுன்ஸையும் கையால் எழுதி வைத்திருக்கிறார்) மெதுவாக ஒன்று கேட்டார்: 69 புள்ளியைத் துரத்தியதை இன்னும் ஏன் பேசுகிறோம்? அது அடிக்கடி நடக்காது என்பதால்தானே? நான் அவர் கட்சி. அதிசயத்தை நம்பி ஒரு பருவத்தை ஓட்ட முடியாது. பெரியவர் சொன்ன அதே டெட் ஹாப்கின்ஸ்தான் பிறகு சாம்பியன் டேட்டா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், இன்றைக்கு இந்த ஆட்டத்தின் புள்ளிவிவரமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. அதிசயத்தின் நாயகனே கணக்கு எழுதப் போனார் என்று அக்கவுண்டன்ட் சொன்னதும் பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

பிறகு வழக்கமான மருந்துகள் எல்லாம் மேசைக்கு வந்தன. காசு சுண்டியதில் ஜெயித்தால் காற்று அடிக்கும் திசையில் உதைக்கிற பக்கத்தை எடுக்க வேண்டும் என்று ஒருவர். மெல்பர்னின் இன்னொரு மைதானமான டாக்லாண்ட்ஸில் கூரையை மூடிவிட்டால் காற்றே கிடையாது, அதனால் அது அரை மருந்துகூட இல்லை. உடல் சூடேற்றும் பயிற்சியை மாற்ற வேண்டும் என்று இன்னொருவர், அது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும், நாம் வெளியிலிருந்து சொல்லி என்ன.

டேக்கர் வாதம் கொஞ்சம் கனமானது. எதிரணியின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓட ஒருவரை விடுவதுதான் டேக். எங்கள் பயிற்சியாளர் அடி வாங்கிய பிறகு, இரண்டாம் குவார்ட்டரில்தான் அதைச் செய்கிறார், முதல் பவுன்ஸிலேயே செய்தால் என்ன என்று கேள்வி. 2023-இல் ஹாத்தார்னின் ஃபின் மேகின்னஸ், காலிங்வுட்டின் நிக் டேக்கோஸை ஐந்தே ஐந்து தடவை பந்தை ஆட விட்ட அந்த ஆட்டத்தை உதாரணம் காட்டினார்கள். எனக்கு இதில் பாதிச் சம்மதம். டேக் போட்டால் அந்த ஆள் நமக்காகப் பந்து எடுக்கிற வேலை குறையும், ஆட்டம் முழுக்க அந்த விலையைக் கொடுக்க முடியாது. முதல் குவார்ட்டருக்கு மட்டும் போட்டுவிட்டு, நிலைமை அடங்கியதும் எடுத்துவிடலாம் என்பது என் கருத்து, அதைச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை, யாரும் துள்ளிக் குதிக்கவும் இல்லை.

மாற்று ஆட்டக்காரர் கணக்கு எனக்குப் புதிதாக இருந்தது. பெஞ்சுக்கும் மைதானத்துக்கும் இடையே ஆட்களை மாற்ற ஒரு உச்சவரம்பு உண்டு, 2016-இல் ஓர் ஆட்டத்துக்கு 90, 2021 முதல் 75. முதல் குவார்ட்டரிலேயே அதை வாரி இறைத்தால் கடைசிக் குவார்ட்டரில் கால் ஓயும்போது கையில் ஒன்றும் இருக்காது. அதற்குப் பயந்து எங்கள் அணி தன் சிறந்த நடுக்கள ஆட்டக்காரரை முன்களத்தில் நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்குகிறது, பிற்பாடு அவர் தெம்போடு இருக்கட்டும் என்று. அக்கவுண்டன்ட் நோட்டைத் திறந்து எந்தெந்த ஆட்டம் என்று காட்டினார். பிற்பாடு என்று சேமித்து வைப்பதற்குள் வீடு எரிந்துவிடுகிறது. முதல் ஐந்து நிமிடம் அவரை நடுவில் விட்டு, பிறகு எடுத்தால் போதும்.

இதுவரை வந்ததெல்லாம் நல்ல பேச்சு, வேறு இடங்களிலும் தேடினால் கிடைக்கும். அடுத்து நடந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

உள்ளூர்ப் பெண்கள் லீகில் ரக் ஆடுகிற ஒருவர் வருகிறார், ஆறடிக்கு மேல் உயரம், பகலில் நர்ஸ். அவர் ரிமோட்டை வாங்கி முதல் பவுன்ஸுக்கு ஓட்டி, நடுவர் கையில் பந்து இருக்கும் நொடியில் நிறுத்தினார். தொலைக்காட்சிக் கேமரா எப்போதும் பந்தின் பின்னால்தான் ஓடும், அதனால் வீட்டில் பார்க்கும்போது அமைப்பு என்று ஒன்று தெரியவே தெரியாது. அந்த ஒரு நொடி மட்டும் விதிவிலக்கு: கேமரா கொஞ்சம் விலகி நின்று நடுமைதானச் சதுரத்தில் இருக்கும் எட்டுப் பேரையும் காட்டும். அங்கே நிறுத்திவிட்டு மேசையைத் துடைத்தார். தக்காளி சாஸ் பாட்டில் எதிரணி ரக், பார்பிக்யூ சாஸ் பாட்டில் நம் ரக். உப்பு ஜாடி, மிளகு ஜாடி, பக்கத்து மேசையிலிருந்து இன்னொரு உப்பு ஜாடி, இவை நம் மூன்று பேர். எதிரணிக்கு மூன்று சர்க்கரைப் பொட்டலம். பியர் கோஸ்டர்கள் இரண்டு பக்கமும் விங். திரையில் யார் எங்கே நிற்கிறார்களோ அப்படியே ஜாடிகளை வைத்தார்.

வைத்து முடித்ததும் எனக்கே தெரிந்தது. நம் மூன்று ஜாடிகளும் பார்பிக்யூ பாட்டிலுக்கு முன்னால், நாம் கோல் போட வேண்டிய பக்கத்தில். பின்னால் ஒருவர்கூட இல்லை.

அடுத்த பவுன்ஸுக்கு ஓட்டினார், அதே. அதற்கு அடுத்தது, அதே. எதிரணி ரக் பந்தைத் தன் முன்பக்கம் தட்டிவிட்டால் போதும், நம் கோலுக்குப் போகிற பாதை திறந்து கிடக்கிறது. இங்கேதான் 6-6-6 விதி வந்து கழுத்தை நெரிக்கிறது. 2019 முதல் ஒவ்வொரு சென்டர் பவுன்ஸுக்கும் இரண்டு அணியும் பின்னால் ஆறு, நடுவில் ஆறு, முன்னால் ஆறு என்றுதான் நிற்க முடியும், நடுவில் உள்ள ஆறில் நால்வர் 50 மீட்டர் சதுரத்துக்குள், இருவர் விங்கில். முன்பெல்லாம் பயந்தால் ஓர் ஆளைக் கூடுதலாகப் பின்னால் நிறுத்திக்கொள்ளலாம். இப்போது முடியாது. சதுரத்தை விட்டுப் பந்து சுத்தமாக வெளியே வந்துவிட்டால் பின்னால் ஆறுக்கு ஆறு, சுற்றிலும் வெட்டவெளி, நீளமாக உதைத்தால் எதிரணியின் உயரமான முன்களக்காரர் நம் ஒரே ஒரு ஆளோடு மல்லுக்கட்டி மார்க் பிடித்துவிடுவார் (உதைத்து வரும் பந்தைத் தரையில் படாமல் பிடிப்பதுதான் மார்க், பிடித்தவர் தடையில்லாமல் உதைக்கலாம்).

ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். நர்ஸ் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் ரக் நல்ல உயரம், தட்டுவதில் பெரும்பாலும் அவர்தான் ஜெயிக்கிறார். அதனால் பந்து நம் பக்கம்தான் வரும் என்று எல்லாரும் முன்னால் போய் வாங்கிக்கொள்ள நிற்கிறார்கள். ஆனால் தட்டுவது வேறு, பந்தைச் சதுரத்தைவிட்டு வெளியே கொண்டுபோவது வேறு. ஹிட்அவுட் கணக்கில் ஜெயித்து கிளியரன்ஸ் கணக்கில் தோற்கிற அணி ஒவ்வொரு வாரமும் ஒன்றாவது இருக்கும். எதிரணிக்கு நம் ரக் எங்கே தட்டுவார் என்று தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் போய்க் காத்திருப்பார்கள். நர்ஸும் ரக் ஆடுகிறவர் என்பதால் இன்னொன்றும் சொன்னார்: முதல் இரண்டு மூன்று பவுன்ஸில் பந்தை முன்னால் தட்டவே கூடாது, பின்பக்கம், நம் ஆள் ஒருவர் நின்றுகொண்டிருக்கிற இடத்தில் போட வேண்டும், அழகாக இருக்காது, ஆட்டம் கொஞ்சம் மந்தமாகும், அதுதான் வேண்டும்.

அதன்பிறகு யாரோ ஒருவர், வழக்கத்தை மீறி இரண்டாம் குவார்ட்டரின் முதல் பவுன்ஸுக்கு ஓட்டச் சொன்னார். மிளகு ஜாடி பின்னால் வந்து நிற்கிறது. குவார்ட்டர் முடிந்த இடைவேளையில் பயிற்சியாளர் சொல்லியிருக்க வேண்டும், ஆள் இடம் மாறியிருக்கிறார், பந்து பின்னால் சிதறினாலும் பிடிக்க ஒருவர் இருக்கிறார், சரிவு நின்றுவிட்டது. அதாவது மருந்து அணிக்குத் தெரியும். முப்பது நிமிடம் கழித்துத்தான் கொடுக்கிறார்கள். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இது உறைத்தது, கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வாரக்கணக்கில் "ரோஷம் இல்லை" என்று திட்டு வாங்கிய பையன்கள், ரோஷம் அதிகமாகி எல்லாரும் பந்தைத் தொடவே முன்னால் போய் நின்றிருக்கிறார்கள்.

நான் அந்தச் சனிக்கிழமை நான்காம் அடுக்குக்குப் போய், ஆட்டத்தன்று விற்கும் ஏஎஃப்எல் (இந்த ஆட்டத்தின் தேசிய லீக்) ரெக்கார்ட் இதழின் ஓரத்தில் ஒவ்வொரு பவுன்ஸுக்கும் புள்ளி வைத்து வரைந்தேன். உச்சியிலிருந்து பார்த்தால் தொலைக்காட்சியில் தெரியாத இன்னொன்றும் தெரிந்தது. பந்து மேலே போன நொடியில் எதிரணியின் ஹாஃப் ஃபார்வர்டு ஒருவர் முன்களத்திலிருந்து சதுரத்தை நோக்கி முழு வேகத்தில் ஓடி வருகிறார், பந்து கீழே விழுந்து குவியலாகும்போது அவர்களுக்கு அங்கே ஓர் ஆள் கூடுதல். நம் ஹாஃப் ஃபார்வர்டு இரண்டு எட்டு வைத்துவிட்டு, பந்து தன்னிடம் வரும் என்று நின்றுவிடுகிறார். திங்கட்கிழமை அந்த இதழைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதுவரை அந்த அறையில் நான் அதிகம் பேசியதில்லை, என் ஆங்கில உச்சரிப்பு யாருக்காவது புரியாமல் போய்விடுமோ என்ற தயக்கம் எப்போதும் உண்டு. நர்ஸ் இதழை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, இரண்டாவது உப்பு ஜாடியை எடுத்து என் கையில் கொடுத்து, "எங்கிருந்து ஓடி வந்தார், வைத்துக் காட்டுங்கள்" என்றார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த நல்ல தருணங்களில் அது ஒன்று.

இன்னொரு பேச்சும் முக்கியமானது: இரண்டு கோல் தொடர்ந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது. 2019 முதல் பயிற்சியாளரின் செய்தியைச் சுமந்து ஓடும் ரன்னர், கோல் விழுந்த பிறகுதான் மைதானத்துக்குள் வர முடியும், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் வெளியேறிவிட வேண்டும். ஆக, நாம் கோல் வாங்கிய அந்தச் சில நொடிகள்தான் சொல்லி அனுப்பக் கிடைக்கிற வழி. அதில் என்ன சொல்லி அனுப்புவது? அண்ணன் இதில் உறுதியாக இருக்கிறார்: ஆட்டத்தை உறைய வை. பந்து கிடைத்தால் முன்னால் தூக்கி அடிக்காதே, பக்கவாட்டில் சின்னச் சின்னதாக உதைத்து மார்க் பிடி, எதிரணியின் மூச்சை ஆற விடு. 2021-இல் வந்த விதிப்படி மார்க் பிடித்தவர் முன்னால் நிற்பவர் அசையக் கூடாது, அதனால் பந்தை வைத்திருக்கிற அணிக்கு நேரம் எடுத்துக்கொள்வது முன்பைவிடச் சுலபம். அவர் உதாரணம் 2018 இறுதி ஆட்டம். காலிங்வுட் முதல் ஐந்து கோலையும் போட்டது, வெஸ்ட் கோஸ்ட் பதறவில்லை, தங்களுக்குப் பழகிய உதைத்து மார்க் பிடிக்கும் ஆட்டத்துக்குத் திரும்பியது, கடைசியில் மெக்கவர்ன் பிடித்த மார்க்கிலிருந்து வார்டி, ரயன், ஷீட் என்று பந்து போய் ஜெயித்தது, 5 புள்ளி. "அவங்கள் அவதிப்படேல்லைத் தம்பி" என்பார், ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. பெரியவருக்கு இது பிடிக்காது, பராஸி வேகப்படுத்தித்தான் ஜெயித்தார் என்பார். இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அண்ணன் சொல்வதுதான் சரி என்று படுகிறது. 1970-இல் பாதி ஆட்டத்தில் 44 புள்ளி துரத்த வேண்டியிருந்தது, வேகம் தவிர வேறு வழி இல்லை. முதல் எட்டு நிமிடத்தில் 12 புள்ளி பின்னால் இருப்பவனுக்கு அந்த அவசரம் எதற்கு?

இனி குறைகள். மாடிக்கு லிஃப்ட் கிடையாது, செங்குத்தான மரப்படி, அண்ணன் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்று ஏறுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. மாதம் ஒரு திங்களாவது கீழ்த்தளத்தில் இதை நடத்துங்கள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன், யோசிக்கிறோம் என்றார்கள். கீழே அதே இரவு வினாடி வினாப் போட்டி நடக்கிறது, எட்டு மணிக்கு மேல் ஒலிபெருக்கிச் சத்தம் தரை வழியாக ஏறி வரும். ஜூலை மாதம் ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்தால் எலும்பு வரை குளிரும், ஹீட்டர் எதிர்ச் சுவரில் இருக்கிறது. புரொஜெக்டர் மங்கல், எதிரணிச் சட்டையும் நம் சட்டையும் ஒரே கருநீலமாகத் தெரிகிற வாரங்களில் யார் யார் என்று கண்டுபிடிப்பதற்கே பாதி நேரம் போகும். சமையலறை எட்டரைக்கு மூடிவிடுகிறது, ஒரு முறை நான் ஏழே முக்காலுக்குச் சொன்ன சாப்பாட்டை மறந்தேவிட்டார்கள், பணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் பசியோடுதான் வீட்டுக்குப் போனேன். ஆறரைக்குள் போய்ச் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளோடு போகலாம், ஏழு வயதுப் பையன் ஒருவன் அப்பாவோடு வருகிறான், சின்னப் பிள்ளைகளுக்கான ஆஸ்கிக் ஃபுட்டிப் பயிற்சியில் இருக்கிறவன், ஜாடி நகர்த்துகிற வேலை இப்போது அவனுடையது. பணம் எதுவும் வாங்குவதில்லை, சாப்பாடோ பானமோ ஒன்று வாங்கினால் போதும். வேறு அணி ரசிகர்கள் வந்தாலும் இடம் கொடுக்கிறார்கள். உண்மையில் அவர்கள் வருகிற இரவுகள்தான் நல்லது, நம் ஓட்டை அவர்களுக்கு நம்மைவிடச் சீக்கிரம் தெரிகிறது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரையைப் படிக்கட்டுக்காகப் பிடித்துக்கொள்கிறேன்.

போன திங்கட்கிழமை வழக்கம்போல முதல் பவுன்ஸில் நிறுத்தினார்கள். அந்த ஆட்டத்தை நான் நேரில் பார்க்கவில்லை, வேலை நாள். பையன் திரையைப் பார்த்துப் பார்த்து ஜாடிகளை வைத்தான், உப்பு முன்னால், இரண்டாவது உப்பு பக்கத்தில், மிளகைக் கையில் வைத்துக்கொண்டு திரையை மறுபடி பார்த்தான், பிறகு பார்பிக்யூ பாட்டிலுக்குப் பின்னால் வைத்தான். பெரியவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், அங்கே நிற்கிற ஆள்மேல் விரலை வைத்து, சட்டை எண்ணைச் சரிபார்த்தார். அண்ணன் என் தோளைத் தட்டினார். என் பார்மா ஆறிக்கொண்டிருந்தது. நர்ஸ் ரிமோட்டை அழுத்தினார்.